வாசலை அடைத்தவர் கொடுத்த சீலை

1

போன செவ்வாய்க்கிழமை ஆலையிலிருந்து திரும்பியபோது சாப்பாட்டு மேசைமேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பெரிய வட்ட டின். மூடியில் பனி போர்த்திய ஒரு தேவாலயம், சுற்றிலும் சிவப்பு நாடா. கிறிஸ்துமஸ் நெருங்கினால் இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்த லெஸ்டர் நகரத்துக் கடைகளில் எல்லாம் இதே டின்தான் அடுக்கியிருக்கும். பக்கத்தில் ஒரு நீளமான உறை. என் மகள் கவிதா, பன்னிரண்டு வயது, வாயோரத்தில் பிஸ்கட் துகளோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் கொடுத்தது என்றேன். வீட்டுக்காரர் வந்தார், ரொம்ப நன்றாகப் பேசினார், இதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

உறையைப் பிரித்தேன். ஒரு கடிதம், ஒரு வரைபடம். பதின்மூன்று வருஷமாக நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை அவர் இரண்டாகப் பிரிக்கப் போகிறாராம். முன்னறையும் தெருவைப் பார்த்த வாசலும் புதிதாக வருகிறவர்களுக்கு. நாங்கள் பின்பக்கச் சந்து வழியாக, குப்பைத் தொட்டிகளைத் தாண்டிச் சமையலறைக் கதவால் வந்து போகலாம். வரைபடத்தில் என் முன்வாசலைச் சிவப்புக் கோட்டால் அடித்திருந்தார்கள். சம்மதம் என்றால் கீழே கையெழுத்து.

அவரிடம் என்ன சொன்னாய் என்று கவிதாவைக் கேட்டேன். அம்மாவுக்கு இதில் ஒன்றும் ஆட்சேபம் இருக்காது என்று சொன்னேன் என்றாள். டின்னை வாங்கி, நன்றி சொல்லி, அந்தக் கையோடு மூன்று பிஸ்கட்டும் தின்றிருக்கிறாள்.

டின்னை எடுத்து மூடியை ஓங்கி அறைந்து மூடினேன். கவிதா துள்ளி எழுந்துவிட்டாள். வெறும் பிஸ்கட்டுக்கு ஏன் இப்படிக் கோபப்படுகிறாய் என்று அழுதாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அது அன்றைக்கு வந்த கோபமே இல்லை. பதினாறு வருஷமாக எனக்குள்ளே கிடக்கிற கோபம் அது.

2

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் எங்கள் வீடு. எங்கள் வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், வாடகை வீடுதான். வரிசையாக மூன்று ஓட்டு வீடுகளில் கடைசி. அந்த மூன்றும் பக்கத்துப் பெரிய வீட்டில் இருந்தவருக்குச் சொந்தம். தோட்டம், கிணறு, இரண்டு லாரி என்று வசதியான மனிதர். அவரை வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். பெயர் எழுதினால் கை கூசுகிறது.

அப்பா ராமசாமி லாரி டிரைவராக இருந்தவர். தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது. அதன் பிறகு அவரால் வண்டி ஓட்ட முடியாது. கைகள் நன்றாக இருந்தன. லாரிக்கு மூடுகிற தார்ப்பாய் கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த வேலைக்கு வாசல்தான் முதல். எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோடு வரை வெறும் தரை. வண்டி வந்து நிற்கும், மேலிருந்து தார்ப்பாயை உருட்டித் தள்ளுவார்கள், அது தரையில் விரியும். கிழிசல் எங்கே என்று அப்பா குச்சியை ஊன்றிச் சுற்றி வந்து பார்ப்பார். பிறகு இரட்டைக் கதவை விரியத் திறந்து, கிழிந்த பக்கத்தை மட்டும் முன்னறைக்குள் இழுத்துக்கொள்வோம். மீதித் தார்ப்பாய் வெளியே கிடக்கும். அப்பா காலை நீட்டி உட்கார்ந்து கோணி ஊசியால் தைப்பார். இந்தப் பக்கம் ஊசி, அந்தப் பக்கம் ரோடு. போகிற வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். அவருடைய பழைய கூட்டாளிகள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, அண்ணா, திரும்பி வாரப்ப நிக்கறேன் என்று கத்திக்கொண்டு போவார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். வண்டி ஓட்ட முடியாதவருக்கு அந்த வாசலில்தான் இன்னும் லாரிக்காரர் என்கிற பேர் மிச்சமிருந்தது. எங்கள் ஐந்து பேர் வயிறும் அந்த வாசலை நம்பித்தான் இருந்தது. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

வீட்டில் எப்போதும் மெழுகும் தாரும் கலந்த ஒரு வாடை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அதற்காக அப்போது வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை நினைத்து இப்போது என்மேலேயே கோபம் வருகிறது.

3

நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம். வீட்டுக்காரரின் மனைவி ஒரு நாள் சாயங்காலம் அம்மாவைப் பார்க்க வந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததே இல்லை. வாடகை வாங்கக்கூட ஆள்தான் வரும். அம்மா பதறிப்போய்ப் பாயைத் தட்டிப் போட்டாள். அம்மாவின் பெயர் பழனியம்மாள். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிடுகிறவள்.

அவர்கள் மகள் சுலோசனாவுக்கு வரன் ஒன்றும் அமையவில்லை. வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மனை பார்க்கிறவரைக் கூட்டி வந்து காட்டியதில், இந்தக் கடைசி வீட்டில் கிழக்குப் பக்கம் ஒரு வாசல் வைத்தால் தோஷம் கழியும் என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் கண் கலங்கியது. அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். மகளுக்காக அழுதார், அது நிஜம். அந்தக் கண்ணீரை எதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

சுலோசனா அக்காவை எங்களுக்குப் பிடிக்கும். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அம்மா உடனே அப்பாவிடம் பேசினாள். கூட ஒரு வாசல் வந்தால் நமக்குக் காற்றாவது வரும் என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, அவங்க செவுரு, அவங்க கதவு, நம்மள எதுக்குக் கேக்கறாங்க என்றார். நல்ல கேள்வி. அதற்கு மறுநாள் பதில் வந்தது.

நிலைச்சட்டத்தை எங்கள் பக்கம் நிலவு என்போம். புது வாசலுக்கு நிலவு நிறுத்தும்போது பூசை போடாமல் நிறுத்த மாட்டார்கள். அடியில் நவதானியம் போட்டு, நிறுத்தியதும் சுமங்கலிப் பெண் ஒருத்தி மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். அந்த வீட்டில் குடியிருக்கிறவள் கை பட்டால்தான் விசேஷம் என்று சொல்லி அம்மாவை அழைத்தார்கள். வீட்டுக்காரரே வந்து வாசலில் நின்று, "அம்மிணி, உங்க கையால மஞ்சப் பூசிக் குடுக்கோணும். என்ற புள்ளைக்கு நல்லது நடக்கோணும்னு மனசுல நெனச்சுப் பூசுங்க" என்றார். அவர் அம்மாவிடம் நேரில் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

முகூர்த்தத்துக்கு அம்மா தலைக்குக் குளித்து, அடி முதல் நுனி வரை ஒரு இடம் விடாமல் அந்தப் புது மரத்துக்கு மஞ்சள் பூசினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சுலோசனாவுக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் வீட்டுக்காரரின் மனைவி தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு ஒரு சீலையும் வைத்துக் கொடுத்தார். பச்சை உடம்பு, மாம்பழக் கலர் கரை. சேலத்துக் கடையில் எடுத்ததாம். அம்மாவுக்கு அது வரை அப்படி ஒரு சீலை வாய்த்ததில்லை.

முன்வாசல் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாசல் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டு வாசலை எடுப்பதைப் பற்றி எவனுக்குத் தோன்றும்?

4

ஒன்பதாம் நாள் வெண்ணந்தூரில் என் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது சிரமம் என்றாலும் அவரும் வந்தார். மறுநாள் முற்பகல் திரும்பி வந்து சேலம் ரோட்டில் இறங்கினோம்.

எங்கள் வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

இரவோடு இரவாகக் கட்டியிருக்கிறார்கள். சிமெண்டு ஈரம் காயவில்லை. பழைய நிலவைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஓட்டைக்குச் செங்கல் வைத்து அடைத்து மேலே பூசியும்விட்டார்கள். இரட்டைக் கதவைப் பூட்டோடு கழற்றி வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். நாங்கள் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாவியைக் கையில் எடுத்துவிட்டார். சாவியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தம்பி போய்க் கையைப் பிடித்த பிறகுதான் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

அம்மா பெரிய வீட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரர் வெளியே வந்து நிதானமாகச் சொன்னார்.

"கெழக்கால வாசல் இருக்குதல்லோ அம்மிணி. நாலு எட்டுச் சுத்திப் போனா ஆச்சு. நீங்க மஞ்சப் பூசுன வாசல்தானே?"

நாலு எட்டு! கிழக்குப் பக்கம் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. நடுவில் சாக்கடை. வாசலுக்கு ஏற மூன்று படி. ஒரு கால் நசுங்கியவருக்கு மூன்று படி. லாரித் தார்ப்பாயை அந்தச் சந்தில் எப்படி இழுப்பது? ரோட்டில் போகிற டிரைவருக்கு அங்கே ஒரு தையல்காரர் இருப்பது எப்படித் தெரியும்?

அப்பா விடவில்லை. அந்தச் சுவருக்கு வெளியே சாக்கை விரித்து, குடையைச் செங்கல்லில் செருகி வைத்து, வெயிலில் உட்கார்ந்து தைத்தார். பத்து நாள். பிறகு முன்தரை முழுக்க செங்கல் லோடு வந்து இறங்கியது. ரோட்டைப் பார்த்து வரிசையாகக் கடைகள் கட்டப் போகிறார்களாம். லாரி உதிரிப் பாகம் விற்க, டயருக்குப் பஞ்சர் ஒட்ட. எங்கள் வாசலை அடைத்த சுவர்தான் அந்தக் கடைகளுக்குப் பின்சுவர். தோஷமாவது மண்ணாவது. ரோட்டோர இடத்துக்கு மதிப்பு ஏறிவிட்டது, அவ்வளவுதான் சங்கதி. இதை நேராகச் சொல்லியிருந்தால் அப்பா சண்டை போட்டிருப்பார், வேறு இடம் கேட்டிருப்பார், ஏதோ ஒன்று செய்திருப்பார். அது தெரிந்துதான் பெற்ற மகளின் கல்யாணத்தை முன்னால் நிறுத்தினார்கள். அந்தக் கேவலத்தை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

5

சட்டம் இல்லாமல் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்பவர் அனுபவித்து வரும் வசதியை வீட்டுச் சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்று அப்போதே நம் ஊரில் சட்டம் இருந்தது. அப்பாவின் கூட்டாளி ஒருவர் சொல்லி ஒரு வக்கீலைப் பிடித்தோம். வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு போட்டோம். வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் அதிகாரி விடுப்பு, ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் அப்பா குச்சியை ஊன்றிக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார். அதற்குள் முன்னால் கடைச் சுவர்கள் இடுப்பு உயரம் வந்துவிட்டன.

கடைசியில் அம்மாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார்: நிலவுக்கு மஞ்சள் பூசியதைக் கேட்டால், மிரட்டிப் பூச வைத்தார்கள் என்று சொல்லுங்கள். அம்மா தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு அம்மா அந்தப் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

அம்மா கூண்டில் ஏறியதும், பின்பெஞ்சில் இருந்த வீட்டுக்காரரின் மனைவி எட்டித் தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து, சட்டத்தையோ வாசலையோ பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நல்ல சீலையாக இருக்கிறதே, எந்தக் கடையில் எடுத்தது என்று அம்மாவைக் கேட்டார்.

"எடுக்கலீங்க. அவங்க குடுத்ததுங்க."

எதற்குக் கொடுத்தார்கள் என்றார். நிலவுக்கு மஞ்சள் பூசியதற்கு என்றாள் அம்மா. மனசாரப் பூசினீர்களா, இல்லை யாராவது மிரட்டினார்களா என்றார் அவர். எங்கள் வக்கீல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோசனா அக்காவும் அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள்.

"ஒரு புள்ளையோட நல்ல காரியத்துக்கு மனசில்லாம மஞ்சப் பூசுவாங்களாங்க? மனசாரத்தானுங்க பூசுனேன்."

முடிந்தது. மிரட்டிப் பூச வைத்தார்கள் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குச் செய்த வேண்டுதல் பொய்யாகிவிடும் என்று அவளுக்குப் பயம். எங்கள் வாசல் போகிறது, அவள் அந்த வீட்டுப் பெண்ணின் தாலியை நினைக்கிறாள்! எத்தனையோ வருஷம் இதற்காக நான் மனசுக்குள் அம்மாவைத் திட்டியிருக்கிறேன்.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் வேறொன்று. முன்வாசலை அடைக்கப் போகிறார்கள் என்று உங்களிடம் சொன்னார்களா? இந்த ஒரு கேள்வியை அந்தக் கோர்ட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. எதிர் வக்கீல் கேட்க மாட்டார். எங்கள் வக்கீலுக்கு அன்றைக்கு வேறு இரண்டு கேஸ், கோப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிகாரியும் கேட்கவில்லை. குடியிருப்பவரின் முழுச் சம்மதத்தோடு, அவர் மனைவி சடங்கு செய்து சீலையும் பெற்றுக்கொண்டு நடந்த மாற்றம் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

கோர்ட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் அப்பா அம்மாவைக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"இருந்து இருந்து இந்தச் சீலையையா கட்டிக்கிட்டு வந்த?"

"நானாத்தானுங்க எடுத்துக் கட்டுனேன். புத்தி போச்சுங்க."

அப்பா குச்சியை ஊன்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

மூன்றாம் மாதம் பள்ளிபாளையத்துக்குக் குடிபோனோம். அப்பா அங்கே ஒருத்தர் கடையில் கூலிக்குத் தார்ப்பாய் தைத்தார். கொட்டகையின் பின்பக்கம், சுவரைப் பார்த்து உட்கார இடம் கொடுத்தார்கள். சாகும் வரை அங்கேதான் தைத்தார். அவர் போன செய்தி இங்கே தந்தியாக வந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிப்பதற்காக ஏதோ அலுவலகத்தில் கிடந்தது. அது என் கைக்குத் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. காரியத்துக்குக்கூடப் போக முடியவில்லை.

6

டின் வந்த அன்று என் கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, இதுக்குப் போய் எதுக்குத் தகராறு, கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு என்றார். அவர் சிறு வயதிலேயே தன் அப்பாவோடு இங்கே வந்துவிட்டவர், என்னைக் கல்யாணம் செய்து இங்கே கூட்டி வந்தவர். இந்த நாட்டில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தால் ஒன்றும் ஆகாது என்பது அவர் கட்சி. பதின்மூன்று வருஷமாக நானும் குனிந்துதான் நடந்தேன். இந்த ஒரு விஷயத்தில் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நகராட்சியில் குடியிருப்போருக்கு ஆலோசனை சொல்ல ஒரு மேசை இருக்கிறது. மூன்று நாள் அரைச் சம்பள விடுப்புப் போட்டு அலைந்தேன். முதல் நாள் சீட்டு எண் வருவதற்குள் மூடிவிட்டார்கள். இரண்டாம் நாள், வாடகைப் புத்தகம் எங்கே என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு நடுத்தர வயதுப் பெண் என் படிவத்தை எடுத்து, மிஸஸ் ராமசாமி என்று கூப்பிட்டாள். என் பெயர் தனலட்சுமி. அப்பாவின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுதியிருந்தேன். திருத்தவில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டு வெகுநாள் ஆயிற்று.

வரைபடத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டீர்களா என்றாள். இல்லை என்றேன். வீட்டுக்காரரிடமிருந்து ஏதாவது வாங்கிக்கொண்டீர்களா என்றாள்.

  பிஸ்கட் என்றேன். மகள் மூன்று தின்றுவிட்டாள் என்றேன். அம்மாவுக்கு ஆட்சேபம் இருக்காது என்று சொல்லியும்விட்டாள் என்றேன். என் ஓட்டை ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

அவள் சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். பிஸ்கட் தின்றால் சம்மதம் ஆகாது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்னதும் செல்லாது என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, சாதாரணமாக, படிவத்தில் இருந்த அடுத்த கேள்வியைப் படித்தாள். இந்த மாற்றத்தால் உங்களுக்கு என்ன போய்விடும் என்று முன்கூட்டியே யாராவது உங்களுக்கு விளக்கிச் சொன்னார்களா?

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அம்மாள் பயந்துபோய்க் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளினாள். ஒரு வாசலுக்காக இப்படி அழுகிறாளே என்று நினைத்திருப்பாள். பதினாறு வருஷம் கழித்து, ஏழு கடல் தாண்டி, அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம் கேட்கிறாள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, அந்த நாட்டில் நியாயம் இருக்கிறது என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். இதே ஊரில் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டு வருகிறவர்கள் உண்டு. போன வருஷம் எங்கள் தெருக்கோடி வீட்டு ஜன்னலில் கல் விழுந்ததற்குப் புகார் எழுதக்கூட ஒருவரும் வரவில்லை. வெள்ளைக்காரக் குடும்பம் இருந்திருந்தால் வீட்டுக்காரர் பிஸ்கட்டோடு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பேசிவிட்டுப் போயிருப்பாரா? அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி அச்சடித்து இருந்தது. படித்தவள் அதைத் தாண்டாமல் படித்தாள். நாமக்கல்லில் எங்களுக்கு அந்த ஒரு கேள்வி கிடைக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்.

7

எனக்குச் சம்மதம் இல்லை என்று என் கைப்பட எழுதினேன். நாலே வரி. கடைக்குப் போய் அதே டின், அதே தேவாலயம், அதே சிவப்பு நாடா, புதிதாக ஒன்று வாங்கினேன். தின்ற மூன்றும் சேர்த்து முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் எனக்கு.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரரின் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கவிதா மாடியிலிருந்து என்னுடைய நல்ல கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கணவரின் அக்கா கொடுத்தது, கழுத்தில் மென்மயிர் வைத்தது. அலுவலகத்துக்குப் போகும்போது நன்றாக உடுத்திக்கொண்டு போனால்தான் மதிப்பார்கள், அம்மா என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த வார்த்தையை முதலில் சொன்னவள் நான். கோர்ட்டுக்குப் போன அன்று அம்மா ஒட்டுப்போட்ட நூல் சீலையைத்தான் கட்டியிருந்தாள். நான்தான் பெட்டியைத் திறந்து அந்தப் பச்சைச் சீலையை எடுத்தேன். நல்லதா உடுத்திட்டுப் போனாத்தான் மதிப்பாங்க, இந்தக் கந்தலோட போனா யாரு உன் பேச்சைக் கேப்பாங்க என்று அவளை அவிழ்க்க வைத்தேன். அம்மா தயங்கினாள். வேண்டாம் சாமி, இது அவங்க குடுத்தது என்றாள். நான் விடவில்லை. கொசுவம் வைத்துச் செருகிவிட்டதும் என் கைதான். புளியமரத்தடியில் அப்பா கேட்டபோது நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானாத்தான் கட்டுனேன் என்றாள். அப்பா சாகும் வரை அப்படித்தான் நம்பினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இத்தனை நேரம் வீட்டுக்காரரைத் திட்டினேன், வக்கீலைத் திட்டினேன், அம்மாவையும் திட்டினேன். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது. அம்மா இப்போது பள்ளிபாளையத்தில் தம்பியோடு இருக்கிறாள். எழுத்துத் தெரியாது. தம்பி இதைப் படித்துக் காட்டினால் காட்டட்டும்.

கவிதாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கு முழுக்கச் சொன்னேன். தமிழில் சொன்னேன். சில இடங்களில் புரியாமல் முழித்தாள், திரும்பச் சொன்னேன். எங்கள் முன்னறைச் சுவரில் அம்மாவின் ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது, நான் நாடு விட்டு வந்த அன்று எடுத்தது. அதில் அம்மா கட்டியிருப்பது அதே பச்சைச் சீலைதான். அதைத் தூக்கி எறியச் சொல்லி நான் சண்டை போட்டபோது, துணி என்ன பாவம் பண்ணுச்சு என்று சொல்லிவிட்டுக் கிழிகிற வரை கட்டினாள். கவிதா எழுந்துபோய் அந்தப் படத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தாள். அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ஆலைக்கு நான் போட்டுக்கொண்டு போகும் நீலக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் அலுவலகத்தில் கடிதத்தையும் டின்னையும் அவர் மேசைமேல் வைத்தேன். சும்மா அன்பளிப்புதானே, பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தள்ளினார். நான் மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். வேண்டாம் என்கிற ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவில் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்து, கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவில் போட்டேன். திறந்தது.